படைவீரர் பென்ஷன்: பட்ஜெட்டிலிருந்து பாஸ்புக் வரை குடும்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

என் சித்தப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு சித்தியின் கணக்குக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்து சேர 14 மாதம் ஆனது. பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய ஆணையில் சித்தியின் பெயர் ‘விஜயா’, ஆதாரில் ‘விஜயலட்சுமி’. அவ்வளவுதான் காரணம். அந்த 14 மாதமும் அவர் நகையை அடகு வைத்து வீட்டை ஓட்டினார். யாரோ தயவு பண்ணித் தரவேண்டிய பணத்துக்குக் காத்திருப்பது போலவே அவரும் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை என்பதைத்தான் இந்த வழிகாட்டியில் முதலில் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பணத்தை நாடாளுமன்றம் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்திருந்தது. காகிதம் சரியில்லாததால் அது அவரிடம் வந்து சேரவில்லை.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக்கு வீடு ராணுவத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பெயரும் நம்பரும் பெயின்ட்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். அந்தப் பெட்டியைத் திறக்கும் முன், பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

முதல் படி: பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பாதுகாப்பு அமைச்சகத்துக்கான பணம் மத்திய பட்ஜெட்டில் நான்கு மானியக் கோரிக்கைகளாக (நாடாளுமன்றத்திடம் பணம் கேட்கும் தனித்தனிக் கணக்குகளாக)ப் பிரிந்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தம் சுமார் 6,81,210 கோடி ரூபாய். அதில் படைகளின் வருவாய்ச் செலவு 3,11,732 கோடி. பணியில் இருப்பவர்களின் சம்பளம், ரேஷன், எரிபொருள், பழுதுபார்ப்பு எல்லாம் இதில் அடங்கும். ஆயுதம், கப்பல், விமானம், புதுக் கட்டுமானம் முதலியவற்றுக்கான மூலதனச் செலவு 1,80,000 கோடி. ஓய்வூதியத்துக்கென்று தனியாக 1,60,795 கோடி. மிச்சம் அமைச்சகத்தின் சிவில் செலவுகளுக்கு.

ஆக, நூறு ரூபாயில் ஏறக்குறைய 24 ரூபாய் ஓய்வூதியத்துக்குப் போகிறது. சுமார் 34 லட்சம் பேருக்கு இது போய்ச் சேர வேண்டும். பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த சிவிலியன் ஊழியர்களும் இதில் சேர்த்தி. ‘பென்ஷனுக்கே இவ்வளவா’ என்று டிவி விவாதங்களில் கேட்பார்கள். பதில் எளிது. ஒரு சிப்பாய் பெரும்பாலும் 40 வயதை ஒட்டியே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார், ஏனென்றால் எல்லைக்கு இளைஞர்கள் வேண்டும். மற்ற அரசு ஊழியர் 60 வரை சம்பளம் வாங்குகிறார். சிப்பாய்க்கு அந்த 20 வருடச் சம்பளம் இல்லை, பென்ஷன்தான் இருக்கிறது. 2004 ஜனவரியில் புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தபோது முப்படையினரை மட்டும் அதிலிருந்து விலக்கி வைத்ததும் இதனால்தான்.

இன்னொரு விஷயம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸுக்கு 2025-26ல் 8,317 கோடி ஒதுக்கினார்கள். இது ஓய்வூதியக் கோரிக்கையில் வராது, வருவாய்ச் செலவில் வருகிறது. குவாட்டர்ஸ் பராமரிப்பும் அப்படியே. அதைச் செய்வது எம்.இ.எஸ். என்கிற ராணுவப் பொறியியல் பணிப்பிரிவு. இந்த வித்தியாசம் உங்களுக்கு ஏன் தேவை? ‘ஃபண்டு வரலைம்மா’ என்று யாராவது சொன்னால் எதை நம்புவது என்று தெரியவேண்டும் அல்லவா? ஆஸ்பத்திரி பில்லும் கட்டட வேலையும் நிதிப் பற்றாக்குறையால் தள்ளிப்போவது உண்டு. ஆனால் தனி ஒருவரின் மாத பென்ஷன் நிதி இல்லாமல் நிற்காது. ஒதுக்கீடு போதாவிட்டால் துணை மானியக் கோரிக்கை வைத்துக் கூடுதல் பணம் வாங்குகிறார்கள். பென்ஷன் நின்றால் காகிதத்தைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: டிரங்குப் பெட்டியைத் திறந்து மூன்று தாள்களை எடுங்கள்

அவர் உயிரோடு, நல்ல ஞாபகத்தோடு இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தால் இன்னும் நல்லது. எந்த யூனிட், எந்த ஆண்டு, எந்தப் போர் நடவடிக்கை என்று அவர் சொல்வதையும் எழுதி வையுங்கள்.

முதலில் டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த நாள், வெளியே வந்த நாள், கடைசி ரேங்க், வெளிவந்த காரணம், மனைவி மக்கள் பெயர் எல்லாம் இதில் இருக்கும். இரண்டாவது பி.பி.ஓ., அதாவது ஓய்வூதிய ஆணை. அதற்குப் பின் வந்த திருத்த ஆணைகளையும் (இவற்றை ‘காரிஜெண்டம் பி.பி.ஓ.’ என்பார்கள்) தேடி எடுத்து வரிசையாக அடுக்குங்கள். மூன்றாவது, உடல் குறைபாட்டுக்காக மருத்துவ வாரியம் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தத் தாள். இது பலரிடம் இருக்கிறது, ஆனால் அதன் மதிப்பு தெரியாமல் இருக்கிறார்கள். பணியால் வந்த ஊனம் என்று ஏற்கப்பட்டிருந்தால், 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் ஊனக்கூறாகக் கிடைக்கும். சதவீதம் குறைந்தால் தொகையும் அதே விகிதத்தில் குறையும்.

டிஸ்சார்ஜ் புக் தொலைந்துவிட்டால் பதற வேண்டாம். அவருடைய ரெக்கார்டு ஆபீஸில் முழு விவரம் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் ஊட்டிக்குக் கீழே வெலிங்டன். மெட்ராஸ் என்ஜினியர் குரூப், ஏ.எஸ்.சி. (வழங்கல் பிரிவு) என்றால் பெங்களூரு. பீரங்கிப்படை நாசிக், இ.எம்.இ. (மின், இயந்திரப் பொறியியல் பிரிவு) செகந்திராபாத், சிக்னல்ஸ் ஜபல்பூர். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை, விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க். எழுதும்போது சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர் மூன்றும் முதல் வரியிலேயே இருக்க வேண்டும். அங்கே நம்பரை வைத்துத்தான் ஆளைத் தேடுவார்கள்.

மூன்றாம் படி: எவ்வளவு வரவேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

ஏழாவது ஊதியக் குழுவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய், ஹவில்தாருக்கு 29,200. இதோடு ராணுவப் பணி ஊதியம் என்ற எம்.எஸ்.பி. மாதம் 5,200. அதிகாரி அல்லாத வீரர்களுக்குப் பொதுவாக இதே தொகை. பிரிகேடியர் வரையான அதிகாரிகளுக்கு 15,500.

ஒரு ஹவில்தார் 39,200 அடிப்படைச் சம்பளத்தில் ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். 5,200 சேர்த்தால் 44,400. அதில் பாதி, 22,200, அவருடைய பென்ஷன். (குரூப் பே போன்ற கூடுதல் ஊதியங்கள் இருந்தால் அவற்றையும் சேர்த்த பிறகே பாதியாக்க வேண்டும்.) இதற்குக் குறைந்தது 15 வருடம் தகுதியுள்ள பணி வேண்டும். அதிகாரிகளுக்கு 20 வருடம்.

இப்போது கம்யூடேஷன். பென்ஷனில் பாதி வரைக்கும் முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். வீடு கட்ட, பெண்ணுக்குக் கல்யாணம் செய்ய என்று பெரும்பாலானோர் வாங்கிவிடுவார்கள். அப்படி வாங்கியவருக்கு மாதம் 11,100தான் மிஞ்சும். ஆனால் அகவிலைப்படி அந்த 11,100க்கு இல்லை, முழு 22,200க்கும் கணக்கிட வேண்டும். 2025 ஜூலை முதல் இருந்த 58 சதவீதப்படி அது 12,876. ஆக, கையில் 23,976. பாஸ்புக்கில் வரும் தொகை இதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 15 வருடம் முடிந்ததும் கழித்த பாதி திரும்ப வந்துவிட வேண்டும். அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவையுங்கள். வரவில்லையென்றால் கேளுங்கள்.

‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே ரேங்க்கில், ஒரே அளவு பணிக்காலத்தில் ஓய்வு பெற்ற இருவருக்கு, ஒருவர் 1990ல் வந்தார், இன்னொருவர் 2012ல் வந்தார் என்பதற்காகப் பென்ஷன் வேறுபடக்கூடாது என்பதே கோரிக்கை. 2015ல் டெல்லி ஜந்தர் மந்தரில் வயதானவர்கள் வெயிலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 7ல் அரசாணை வந்தது, 2014 ஜூலை 1 முதல் கணக்கு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்த வேண்டும் என்பது விதி, அதன்படி 2019 ஜூலையிலும் 2024 ஜூலையிலும் திருத்தம். 2019 திருத்தத்தின் நிலுவைத் தொகை இழுத்துக்கொண்டே போனதால் உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தேதி வைத்து உத்தரவிட்டது. குடும்ப ஓய்வூதியதாரர்களுக்கும் வீரதீர விருது பெற்றவர்களுக்கும் முதலில், 70 வயது தாண்டியவர்களுக்கு அடுத்து, மற்றவர்களுக்கு அப்புறம் என்று வரிசை போட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த நிலுவை வந்ததா? 2023 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரையான பாஸ்புக் பக்கங்களைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

இந்தத் திருத்தத்துக்கான அட்டவணைகளில் ரேங்க், பணிக்காலம் வாரியாகத் தொகை அச்சாகியிருக்கும். ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஒருவருடைய பணிக்காலம் அரை வருடம் குறைவாகப் பதிவாகியிருந்தால், அவர் அட்டவணையில் கீழ் வரிக்குப் போய்விடுவார். ஆயுள் முழுக்க அந்த நஷ்டம் தொடரும்.

நான்காம் படி: பெயர், இனிஷியல், பிறந்த தேதி

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் அதிகம் கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. படிவத்தில் இரண்டு பெயர் கேட்பார்கள், எழுதிய கிளார்க் அப்பா பெயரை விரித்துப் போட்டிருப்பார். ‘எஸ். முருகன்’ என்று ஊரில் இருப்பவர் டிஸ்சார்ஜ் புக்கில் ‘முருகன் சுப்பிரமணி’யாகவும், ஆதாரில் ‘முருகன் எஸ்’ என்றும், பான் கார்டில் ‘சுப்பிரமணி முருகன்’ என்றும் இருப்பார். மனைவிக்கு இனிஷியல் அப்பாவுடையதா, புருஷனுடையதா என்பது தனிக் குழப்பம். கம்ப்யூட்டர் இவர்களை வேறு வேறு ஆளாகத்தான் பார்க்கிறது.

ஒரு வெள்ளைத்தாளில் கட்டம் போடுங்கள். இடது பக்கம் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயர். மேலே டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான், வங்கிக் கணக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் அந்த ஆவணத்தில் இருக்கும் எழுத்துகளை அப்படியே பார்த்து எழுதுங்கள், பிறந்த தேதியோடு. எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே சிவப்புப் பேனாவால் வட்டம்.

எதை மாற்றுவது என்பதில் என் அனுபவம் இது: பி.பி.ஓ.வில் இருப்பது ஓரளவு சரியாக இருந்தால், ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுவதே வேகமான வழி. ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் யோசித்துச் செய்யுங்கள். பி.பி.ஓ.வே தப்பாக இருந்தால், நோட்டரியிடம் ‘இந்த இரண்டு பெயரும் ஒருவரே’ என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, திருமணச் சான்று, ஆதார் நகலோடு ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதத்துக்கு ஒரு கனம் கிடைக்கும். பணியில் இருப்பவர் என்றால் யூனிட்டிலேயே ‘பார்ட் டூ ஆர்டர்’ போடச் சொல்லுங்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு எதுவானாலும் அந்த ஆர்டரில் ஏறாதவரை ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்காத மாதிரிதான்.

மனைவியின் பிறந்த தேதி பி.பி.ஓ.வில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பழைய பி.பி.ஓ.க்களில் அந்த இடம் காலியாகவே இருக்கும். 80 வயதானால் அடிப்படை பென்ஷனில் 20 சதவீதம் கூடுதல், 85ல் 30, 90ல் 40, 95ல் 50, 100 வயதில் இரட்டிப்பு. குடும்ப ஓய்வூதியத்துக்கும் இது உண்டு. பிறந்த தேதி பதிவில் இல்லாத பாட்டிக்கு 80 ஆனது யாருக்குத் தெரியும்?

மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரை அப்பா இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு பதிந்துவிடுங்கள். சம்பாதிக்க முடியாத அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு இதை நிரூபிக்க அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மனசு தாங்காது.

ஐந்தாம் படி: ஸ்பர்ஷ்

முன்பு வங்கிகள் பென்ஷன் கொடுத்தன. இப்போது ஸ்பர்ஷ் என்ற இணைய அமைப்பின் மூலம் பாதுகாப்புக் கணக்குத் துறையே நேரடியாகக் கணக்கில் போடுகிறது. தலைமை இடம் பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம். அதனால் வங்கி மேனேஜரிடம் ‘பென்ஷன் ஏன் குறைந்தது’ என்று கேட்டுப் பயனில்லை, அவரிடம் பதில் இருக்காது.

பொது சேவை மையத்திலோ ஸ்பர்ஷ் சேவை மையமாக இயங்கும் வங்கிக் கிளையிலோ போய் லாகின் செய்துகொள்ளலாம். உள்ளே போனதும் பெயர், மனைவி விவரம், பிறந்த தேதி, மொபைல் நம்பர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் நீங்கள் போட்ட கட்டத்தோடு ஒப்பிடுங்கள். மொபைல் நம்பர் பேரனுடையதாக இருந்தால், அவன் சிம் மாற்றும் நாளில் ஓ.டி.பி. வராமல் போகும். பெரியவர்களின் சொந்த நம்பரே இருக்கட்டும். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்பதை அவர்களிடம் பலமுறை சொல்லுங்கள். பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிப் பணத்தைத் துடைத்தெடுக்கும் திருடர்கள் முதியவர்களைத்தான் குறிவைக்கிறார்கள்.

வாழ்நாள் சான்று வருடத்துக்கு ஒருமுறை, வழக்கமாக நவம்பரில். ஜீவன் பிரமாண் என்ற இணைய முறையில் செய்யும்போது பென்ஷன் வழங்கும் அமைப்பு என்ற இடத்தில் பழக்கதோஷத்தில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், சான்று ஸ்பர்ஷுக்குப் போகாது. அங்கே ஸ்பர்ஷையே தேர்ந்தெடுக்க வேண்டும். மையத்தில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொல்லுங்கள்.

ஆறாம் படி: அவர் இறந்த பிறகு

துக்கத்தின் நடுவே இதைப் பேசுவது கஷ்டம்தான். ஆனால் முதல் சில வாரங்களில் செய்யவேண்டியவை இருக்கின்றன. இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் ஸ்பர்ஷில் தகவல் பதியுங்கள், ரெக்கார்டு ஆபீஸுக்கும் நல அலுவலகத்துக்கும் எழுதுங்கள். இறந்த பிறகு அவர் கணக்கில் விழும் பென்ஷனை எடுக்காதீர்கள். பின்னால் திரும்பப் பிடிப்பார்கள்.

மனைவிக்கு எவ்வளவு? சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தபட்சம் 9,000. நம் ஹவில்தார் கணக்கில் 44,400க்கு 13,320, அதோடு அகவிலைப்படி. கணவர் கம்யூட் செய்திருந்தாலும் இதில் கழிக்கக்கூடாது. ஓய்வுக்குப் பின் கணவர் 67 வயதுக்குள் இறந்திருந்தால், ஏழு ஆண்டுகளுக்கோ அவருக்கு 67 நிறையும் நாள் வரையோ, எது முன்னதோ அதுவரை, 50 சதவீதம் உண்டு. பணியில் இருக்கும்போதே இறந்தால் இந்த 50 சதவீதம் பத்து ஆண்டுகளுக்கு. இறப்புக்குப் பணி காரணம் என்று ஏற்கப்பட்டால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் 60 சதவீதம். போரில் இறந்தால் கடைசிச் சம்பளம் முழுவதும்.

எந்த வகையில் அனுமதித்திருக்கிறார்கள் என்பதை ஆணையில் பாருங்கள். 30க்கும் 60க்கும் நடுவே ஒரு குடும்பத்தின் வாழ்க்கையே இருக்கிறது. பணியில் இருந்தபோது இறந்தவர் என்றால் விசாரணை அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், ‘பணி காரணம் அல்ல’ என்று எழுதியிருந்தால் மேல்முறையீடு செய்யுங்கள்.

இ.சி.எச்.எஸ். பற்றிக் கொஞ்சம்

2003 ஏப்ரலில் தொடங்கிய திட்டம். ஒருமுறை சந்தா கட்டினால் ஆயுளுக்கும் கணவன் மனைவி இருவருக்கும் சிகிச்சை. 2017 டிசம்பரில் வைத்த விகிதப்படி ஹவில்தார் வரை 30,000, ஜே.சி.ஓ.க்களுக்கு (நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை) 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. போரில் கணவரை இழந்தவர்களுக்குச் சந்தா இல்லை. முதலில் இ.சி.எச்.எஸ். நடத்தும் பாலிகிளினிக், அங்கிருந்து கடிதம் வாங்கிப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரி என்பது வழக்கமான பாதை. நெஞ்சுவலி போன்ற அவசரத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரி என்றால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும். போன் மட்டும் போதாது, மின்னஞ்சலும் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்னிவீரர் வீட்டினருக்கு

2022 முதல் அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மேலே சொன்ன பென்ஷன் இல்லை. முதல் ஆண்டு மாதம் 30,000, அதில் 9,000 பிடித்துக்கொண்டு அரசும் அதே அளவு போடும். நான்காண்டு முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் ரூபாய் ‘சேவா நிதி’யாகக் கையில் வரும். இடையில் பணியில் இறந்தால் 48 லட்சம் காப்பீடு. 25 சதவீதம் பேர் வரை நிரந்தரப் பணிக்குத் தேர்வாகலாம். மகனை அனுப்பும் முன் இந்தக் கணக்கை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கடைசிப் படி: எங்கும் நடக்கவில்லை என்றால்

முதலில் ஸ்பர்ஷ் உள்ளேயே குறை பதிவு. அந்த நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளத்தில் அதே நம்பரைக் குறிப்பிட்டு எழுதுங்கள். ரெக்கார்டு ஆபீஸுக்கு ஸ்பீட் போஸ்ட், கிடைத்ததற்கான அத்தாட்சியோடு. போனில் பேசியதை நம்பிக் காத்திருக்க வேண்டாம், சித்தி விஷயத்தில் நாங்கள் ஆறு மாதத்தை அப்படித்தான் இழந்தோம். எழுத்தில் கேட்ட பிறகுதான் ‘பெயர் பொருந்தவில்லை’ என்ற பதிலே எழுத்தில் வந்தது. அதன் பிறகே எதைத் திருத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அதற்கும் மசியவில்லையென்றால் ராணுவத் தீர்ப்பாயம். 2007ல் சட்டம் வந்து 2009 முதல் இயங்குகிறது. சென்னையில் அதற்கு ஒரு கிளை இருப்பதால் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. மறுப்பு உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் மனு போடுவது நல்லது. பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தைப் பொதுவாக மன்னிக்கிறார்கள். ஆனால் 2008ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பின் வழியில், தாமதமாக வருபவருக்கு நிலுவைத் தொகையைப் பெரும்பாலும் மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே கொடுக்கிறார்கள். பத்து வருடமாகக் குறைந்த பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் ஏழு வருடப் பணத்தை ஏற்கெனவே இழந்திருக்கக்கூடும். அவர் உங்கள் தெருவில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.